கருவாயனுக்குப் போட்ட மாவுக்கட்டு

என் இடது கை முறிந்ததற்கு இன்று ஒரு சாட்சியும் கிடையாது. போன வருடம் வேறு எதற்கோ அந்தக் கையைப் படம் எடுத்தபோது, பழைய முறிவு எங்கே இருக்கிறது என்று நானே டாக்டரிடம் கேட்டேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் தெரியவில்லையே என்றார். சின்ன வயதில் முறிந்தால், வளருகிற வேகத்தில் எலும்பு தன்னைத் தானே சீர்செய்துகொண்டுவிடுமாம். முறிந்த எலும்பு மறந்துவிட்டது, எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

சின்னமனூருக்கு மேற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, வாயில் வைக்க முடியாத புளிப்புக் காய் ஒரு கொத்துக்காகத் தூணில் ஏறிக் கம்பியில் தொங்கினேன். கீழே விழுந்து எழுந்தபோது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இன்னொரு மூட்டு முளைத்ததுபோலக் கை வளைந்திருந்தது. நான் அழவில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில், காயைப் பறித்ததற்கு அடி விழும் என்ற பயத்தில் அழ மறந்துபோனேன்.

என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, தேனியில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிற வேலையில் இருந்தார். டாக்டர் இழுத்துப் பிடிப்பார், சித்தப்பா சுற்றுவார். ஊரில் அவரைப் பாதி டாக்டர் என்பார்கள். அவரும் மறுக்கமாட்டார். பச்சைப் புளியங்குச்சியை மடக்கினால் ஒரு பக்கம் நார் விட்டுக்கொண்டு மறுபக்கம் ஒடியாமல் நிற்குமல்லவா, என் எலும்பு அந்த மாதிரிதான் ஒடிந்திருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அதை நேராக்க வேண்டுமென்றால் மீதிப் பக்கத்தையும் ஒடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்பதை மட்டும், கட்டி முடித்த பிறகு சொன்னார்.

அவர்கள் ஒடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே வராண்டாவில் அம்மா ஒரு வேண்டுதல் வைத்தாள். பிள்ளைக்குக் கை கோணாமல் கூடிவிட்டால், மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலசாமிக்கு ஒரு கறுப்புக் கிடாய் விடுகிறேன் என்று. கை கூடியது. தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் தட்டுப்பட்டது. அது எலும்பு தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு, நாள்போக்கில் கரைந்துவிடும் என்றார் சித்தப்பா. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் டம்ளரைக் கீழே போட்டால்கூட அவள் என் கையைத்தான் முதலில் பார்ப்பாள். கிடாயை விடுகிற வரைக்கும் அந்தக் கை அவளுக்கு இரவல் கைதான்.

ஒரு மறு இல்லாத கறுப்புக் குட்டி ஒன்றை வாங்கி வந்து வளர்த்தோம். வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பு. அதனால் கருவாயன் என்று நான் பெயர் வைத்தேன். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், சாமி கிடாய் என்பார்கள். சாமிக்கு விட்டது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கவில்லை, எனக்குத் தெரியும் என்பதால் நானும் கேட்கவில்லை. கம்பம் ஊரில் ஒரு மாட்டுத் தொழு உண்டு. அங்கே சாமிக்கென்று விட்ட மாடுகளை ஏரில் பூட்டமாட்டார்கள், விற்கமாட்டார்கள். அவை தின்று, படுத்து, வருகிறவர்கள் கும்பிடுவதை வாங்கிக்கொண்டு கிடக்கும். நானே ஒரு முறை போய் அகத்திக்கீரை கொடுத்திருக்கிறேன். எங்கள் குலசாமி கோயிலில் கிடாய் வெட்டுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதெல்லாம் மற்றவர்கள் வெட்டுவதற்கென்று கொண்டுவருகிற கிடாய். எங்களுடையது சாமிக்கு விட்டது. இரண்டும் ஒன்று என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மார்கழிக் கடைசியில், காலைப் பனியில், பால்காரருடைய வண்டி கருவாயன் மீது ஏறியது. முன்னங்கால் முட்டிக்குக் கீழே ஒடிந்து தொங்கியது. பால்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்பா காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குறையுள்ள கிடாய் சாமிக்கு ஆகாது, கிடாய் விட வேண்டிய மாசி சிவராத்திரிக்கு இன்னும் எத்தனை நாள் கிடக்கிறது என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அம்மா கருவாயனின் காலைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் துக்கம் தாங்கவில்லை. கால் கோணினால் சாமி தன் தொழுவில் சேர்க்கமாட்டாரே, இவனுக்கு யார் ஆயுசுக்கும் கீரை போடுவார்கள் என்ற துக்கம்.

அன்று மத்தியானமே சித்தப்பா தேனியிலிருந்து பஞ்சும் மாவுக்கட்டுச் சுருளும் எடுத்துக்கொண்டு வந்தார். படம் எடுக்க வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே ஒடிவைக் கண்டுபிடித்தார். அப்பா உடம்பைப் பிடித்துக்கொள்ள, நான் தலையை மடியில் வைத்துக்கொள்ள, அவர் குளம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தார். இழுத்த கையோடு நிறுத்தி, அப்பாவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, என்னிடம் கேட்டார்.

"ஆத்தா, லேசாச் சாச்சுக் கட்டுனாலும் எலும்பு கூடிரும். கொஞ்சம் நொண்டும், அம்புட்டுதான். மேயும், நடக்கும், ரொம்ப நாளைக்கு இருக்கும். எப்பிடிக் கட்டட்டும்?"

நான் அவரை ஏமாற்றத்தோடு பார்த்தேன். என் கையை மட்டும் நேராகக் கட்டினவர், ஆடு என்றதும் வேலையில் இளக்காரம் காட்டுகிறாரே என்று கோபம் வந்தது.

"நேராத்தான் கட்டணும். எனக்குக் கட்டுன மாதிரியே."

அப்பா தண்ணீரோடு வந்ததும் அவர் சுருளை நனைத்தார். பிறகு நேராகக் கட்டினார். ஒடிவுக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு, இரண்டும் கட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு. அதில் ஒரு விரற்கடைகூடக் குறைக்கவில்லை. ஈரச்சுருள் காய்கிறபோது சூடு ஏறும். கருவாயன் மிரண்டபோது அதன் காதில், பயப்படாத, இப்பிடித்தான் சுடும், அப்புறம் ஆறிரும் என்று சொன்னேன். அனுபவஸ்தர் சொல்வதால் அதுவும் அடங்கியது.

அதன் பிறகு வைத்தியம் முழுக்க என் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்தபின்னும் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குளம்பைத் தொட்டுப் பார்ப்பேன். சில்லிட்டிருந்தால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம். என் விரல்களை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்கள். கருவாயன் தன் கட்டைத் தானே தின்ன ஆரம்பித்ததால் அதன்மேல் வேப்பெண்ணெய் தடவினேன். எலும்பு கூடுவதற்காக எனக்குக் கொடுத்த பிரண்டைத் துவையலை அதற்கும் கொடுத்துப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. முருங்கைக்கீரை என்றால் மட்டும் கட்டுக்காலோடு குதித்து வந்தது. என் மாவுக்கட்டின்மேல் வகுப்புப் பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தார்கள். அதன் கட்டில் எழுத யாரும் வராததால் நானே என் பெயரை நாலு இடத்தில் எழுதினேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கட்டை நனைத்துப் பிரித்தார். கால் மெலிந்து, மயிர் படிந்து, என் கை வெளியே வந்தபோது இருந்ததைப் போலவே இருந்தது. எனக்கிருந்த அதே முடிச்சும் அதே மாதிரி தட்டுப்பட்டது. கால் நேராகத்தான் இருந்தது, ஆனால் கருவாயன் அதை முழுசாக ஊன்றவில்லை, நொண்டியது. சிவராத்திரிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அப்பா முகம் சுருங்கிவிட்டது. இது இம்புட்டுத்தான், மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். நான் விடுவேனா. கட்டுப் பிரித்தபின் கையை மடக்கி நீட்டு, மடக்கி நீட்டு என்று என்னை உயிரெடுத்ததே அவர்தான். தினமும் காலையும் மாலையும் வாய்க்கால் ஓரத்து மணலில் முருங்கைக் கொத்தைக் காட்டிக் காட்டி அதை நடத்தினேன். முதலில் பத்தடிக்கு ஒரு தடவை நொண்டியது, அப்புறம் திரும்பும்போது மட்டும். கடைசியில் நான் ஓடினால் அதுவும் ஓடியது. அப்பா ஒருநாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, எங்க வீட்டு டாக்டரம்மா என்று எல்லாரிடமும் சொன்னார். என் வாழ்நாளில் அவர் என்னை அப்படிப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போனோம். கருவாயனைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பூசாரி முன்னால் நிறுத்தினார்கள். பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காலைத் தடவியபோது கை முடிச்சில் நின்றது. இங்கன என்ன என்று கேட்டார். அப்பா பதில் சொல்வதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"ஒடிஞ்ச கால்ங்க. இன்னும் தாங்கித்தான் நடக்குது. குறைன்னு பட்டா விட்ருங்க. அடுத்த வருசம் வேற ஒண்ணு கொண்டாந்துருவோம்."

அம்மா பதறிப்போய் அப்பாவைப் பார்த்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாள் பாடு, அதை இத்தனை பேர் முன்னால் ஒரே பேச்சில் இல்லை என்கிறாரே! கூட்டத்துக்குள் புகுந்து, கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னேன். இருபது அடி தள்ளிப் போய் நின்று, கருவாயா என்று கூப்பிட்டேன்.

அது ஓடிவந்தது. நாலு காலும் தரையில் பாவி, மாலை ஆட, கொஞ்சம்கூட நொண்டாமல் ஓடிவந்து என் பாவாடையில் முட்டியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூசாரி, கால் சுத்தம் என்றார். அம்மா என்னை அணைத்துக்கொண்டு அழுதாள். சித்தப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கருவாயன் தலையில் தீர்த்தம் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறியது, சாமி ஏற்றுக்கொண்டார் என்று குலவை போட்டார்கள். அம்மா என்னை ஐஸ் வாங்கித் தருகிறேன் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். போகிற வழியில், சாமியோட தொழுவில் வேலி இருக்கிறதா, இவன் ரோட்டுக்கு ஓடுகிற ஆளாச்சே என்று கேட்டேன். இருக்கு என்றாள். எந்த ஐஸ் வேண்டும் என்றும் கேட்டாள்.

எங்கள் கோயிலில் தலையும் நாலு காலும் பூசாரிக்குச் சேரும். நாங்கள் பாடுபட்டுக் கூட்டிய எலும்பு அந்த முறைப்படி அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கும் என்று எனக்கு விளங்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. அன்றைக்குப் பந்தியில் சோறும் குழம்பும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சித்தப்பா பந்தியில் உட்காரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தடியில் தன் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் மேல் கோபம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொன்னது தவறு என்று எல்லார் முன்னாலும் காட்டிவிட்டேனே, கோபம் இருக்கத்தானே செய்யும்.

சமாதானம் செய்யப் போனேன். "நீங்க கட்டுன கட்டுதான சித்தப்பா நேரா நின்னுச்சு. எல்லார்ட்டயும் நான் அதத்தான் சொல்லிருக்கேன்."

அவர் என் இடது கையை வாங்கி, முடிச்சு இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். "ஆமாத்தா. நல்லாக் கூடியிருக்கு" என்றார். மற்றக் கையில் குழம்பு காய்ந்திருந்ததைப் பார்த்து, போய்க் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

கழுவிவிட்டு வந்தேன். கோபம் போய்விட்டது என்று தோன்றியதால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருவாயனைப் பார்க்க என்னை வண்டியில் கூட்டிவர வேண்டும் என்று அவரிடம்தான் கேட்டேன். சரி என்றார்.