புள்ளி அறையின் பொறுப்பாளர்

ஒவ்வொரு ஹெட்போனையும் துணியால் துடைத்து, தன் காதில் வைத்துக் கேட்டு, தலையாட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்கிறார். பிறகு காலால் இயக்கும் பெடல்களை அமுக்கிப் பார்க்க வேண்டும். அதற்குச் செருப்பைக் கழற்றிவிடுவார். விமானப்படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் மையத்தில் மூளைத்திறன் சோதனை அறை இந்த அம்மாவின் பொறுப்பு. எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் விவரம் கேட்டேன். "மத்த பரீட்சையில என்ன தெரியும்னு கேப்பாங்க. இங்க மூளை எவ்வளவு தாங்கும்னு பாக்குறோம்" என்றார்.

திரையில் ஒரு புள்ளி அலையும். கைப்பிடியாலும் பெடலாலும் அதை நடுவில் நிறுத்த வேண்டும். காதில் எண்கள் ஓடும். சொல்லிவைத்த எண் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அணைக்க வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில். "மேடம், என் காலு என் பேச்சையே கேக்கல" என்று ஒருவன் புலம்பியதைச் சொல்லி இன்றும் சிரிக்கிறார். ஆனால் அது ஆயுளுக்கு ஒரே வாய்ப்பு. தவறினால் விமானி ஆகவே முடியாது.

உணவு இடைவேளையில் இவரும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "நான் ஓட்டினா விமானம் மேல ஏறாது, வேலியிலதான் ஏறும்." கணவர் அதை அப்படியே ஒப்புக்கொள்கிறார்: "இவ போன் பேசிக்கிட்டே பால் காய்ச்சினா, பால் அடுப்புக்குத்தான்."

அந்த அறைக்கு ஒருநாள் இவருடைய அண்ணன் மகன் வந்தான். உறவுக்காரன் என்று மேலிடத்தில் முன்பே சொல்லி, சோதனையைச் சக அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு இவர் வராந்தாவில் நின்றார். அவன் தேறவில்லை. "நான் சொல்லிடட்டுமா?" என்று சக அதிகாரி கேட்டார். "வேணாம், நானே சொல்றேன்."

"அத்தை, புள்ளி நடுவை விட்டு நகரவே இல்லையே!"

"நகரலதான். ஓரத்துல சிவப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பாத்தியா?"

அவன் யோசித்தான். "எரிஞ்சுதா?"

"ஒண்ணைப் பிடிச்சா நீ விடமாட்டடா. கீழ அது நல்ல குணம். மேல போனா ஆளை எடுத்துடும்."

அவன் அழவில்லை. இவர்தான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த குழுவை அழைத்தார்.

அன்று மாலை அண்ணன் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ இருக்கிற இடத்துலயே என் பிள்ளை தோத்துப்போனா, நீ எதுக்கு இருக்கே?" அதோடு பேச்சு நின்றது. அண்ணிதான் அவ்வப்போது அழைப்பார், தணிந்த குரலில்: "உங்கண்ணன் குளிக்கப் போயிருக்கார், சீக்கிரம் பேசு."

"அன்னிக்கு நான் அவன்கிட்ட சொன்னது சரிதான்" என்று இவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். "ஆனா ஒரு காலைப்பொழுதுல ஒரு மனுஷனை முழுசா அளந்துட முடியுமா? தினமும் கேட்டுக்கிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்" என்றார்.

வெகுநாள் வெறுமனே வீட்டில் கிடந்த பையன், பிறகு தானாகவே அதே படையில் பாராசூட் மடிக்கும் பிரிவில் சேர்ந்தான். மடிப்பு மடிப்பாக, பக்கத்தில் யார் வந்து நின்றாலும் நிமிராமல் செய்கிற வேலை. பயிற்சி முடித்தவர்களின் அணிவகுப்புக்கு அத்தைக்கும் அழைப்பு அனுப்பினான். அவருடைய கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன்.

மைதானத்து நாற்காலிகள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. அண்ணி தூரத்திலிருந்தே கையசைத்தார். இவர் வரிசையின் முனை வரை போய் நின்றுவிட்டார். அண்ணன் திரும்பவில்லை. மைதானத்தைப் பார்த்தபடியே, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.