அதிகாரி வீட்டுக்குப் போன பால்கோவா

அதிகாரி நான்கு துண்டு பால்கோவா தின்றார். மூன்றாவதை வாயில் போடும்போதே தலையாட்டினார். வீட்டில் தம் இரண்டு பிள்ளைகளுக்கும் இது பிடிக்கும் என்று அவர் சொன்னதும் என் மனைவி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு துண்டுகள். எண்ணி வைத்தது நான். ஜீப் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்பியபோது மானியம் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தங்கச் சுரங்கத்து மில்லில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்து மாடுகள் வைத்திருந்தோம். எங்கள் ஒரே மகன் இன்னும் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தான். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு டீக்கடையிலும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பாலைப் பாலாகவே ஊற்றினால் மாட்டுக்குத் தீனி போடுவதற்கே சரியாகிவிடும். மீந்த பாலை மனைவி கோவாவாகக் கிண்டி விற்றாள். அப்போதுதான் இந்த மானியத்தைப் பற்றித் தெரிந்தது. சிறிய பால் பண்ணைக்காரர்கள் கோவா, பன்னீர், நெய் என்று செய்து விற்க முன்வந்தால் பெரிய வாணலி, கேஸ் அடுப்பு, டப்பாவுக்கு சீல் வைக்கும் மிஷின் எல்லாவற்றிலும் பாதி விலையை அரசாங்கம் கொடுக்கும். அதற்கு முன் ஓர் அதிகாரி நேரில் வந்து கொட்டகையையும் தண்ணீரையும் தீவனத்தையும் பார்க்க வேண்டும்.

தீவனம் என்றதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் மாடுகளுக்கு வைக்கோலும் தவிடும்தான். அதிகாரியின் கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது தெரியட்டும் என்று பேத்தமங்களாவிலிருந்து இரண்டு கட்டு பச்சைச் சோளத்தட்டை வாங்கி வரச் செய்தேன். முழங்கால் உயரம்தான் இருந்தது. ஆனால் நல்ல பச்சை.

ஜீப் போய்ச் சிறிது நேரத்தில் வெள்ளை நெற்றி மாடு தடுமாறியது. மற்ற நான்கும் வைக்கோலை மென்றுகொண்டிருந்தன. இதுதான் முன்னால் கட்டியிருந்தது, தட்டையைப் பாதிக்கு மேல் தின்றிருந்தது. முன்னங்கால் மடிந்து விழுந்தது. வாயில் நுரை. மூச்சு இழுத்துக்கொண்டது. நான் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு ரத்தச் சிவப்பாக இருந்தது.

மில்லில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். மூச்சுக்குத் திணறுகிறவன் நீலம் பாயாமல் சிவந்து போனால் அது சயனைடு, மில்லில் தங்கத்தைப் பிரிக்கப் போடுவது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. மாடுகள் மில் கழிவு மண்ணைக் கொட்டிய டம்பின், அந்தச் சயனைடு மேட்டின், அடிவாரத்தில்தான் மேய்ந்தன. அங்கே தேங்கிய தண்ணீரைக் குடித்திருக்கும். அந்த மாட்டின் பாலில்தான் கோவா கிண்டியது. அதில் பன்னிரண்டு துண்டு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரியோடு வந்த மாட்டு டாக்டர் பக்கத்து லைன் வீடுகளில் ஒரு கன்றுக்குட்டியைப் பார்க்க இறங்கியிருந்தார். மனைவி ஓடிப்போய் அழைத்து வந்தாள். கன்னடக்காரர், ஆனால் எங்கள் தமிழ் பேசுவார்.

"டம்ப் தண்ணி குடிச்சிருக்கு டாக்டர். சைனைடு" என்றேன்.

அவர் ஈறைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கட்டிலிருந்து ஒரு தட்டையை உருவினார். "யஜமானரே, டம்பை உடுங்க. இத்த யார் போட்டது?"

"நான்தான்."

"மழை இல்லாம காஞ்சு, மறுபடி துளிர்த்த சோளம். உங்க சைனைடு இதுக்குள்ளயே கீது. மத்த மாட்டு முன்னால கெடக்கறத எல்லாம் வாரிப் போடுங்க, சீக்கிரம்."

முப்பத்தொரு வருடம் அந்த விஷத்தின் பக்கத்தில் வேலை செய்தவன் நான். அது ஒரு செடிக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கையில் ஊசி மருந்து இல்லை என்றார். "ஆண்டர்சன்பேட்டைல போட்டோ ஸ்டுடியோ கீது இல்ல? ஹைப்போ வாங்கிட்டு வாங்க. பிலிம் கழுவறது, இந்த விஷத்தையும் முறிக்கும். ஓடுங்க."

ஆட்டோவில் போனேன். ஸ்டுடியோக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மாட்டுக்கு ஹைப்போ வேணும்பா."

"இன்னா தாத்தா, மாட்டுக்கு பாஸ்போர்ட் போட்டோவா? துபாய் போவுதா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். பொட்டலத்தை என் கையில் திணித்து, "போங்க போங்க, அப்பறம் பாத்துக்கலாம்" என்றான்.

தண்ணீரில் கரைத்து பாட்டிலால் புகட்டினோம். ஒரு பாட்டில், இரண்டு, மூன்று. வெயில் சாயும் நேரத்தில் மாடு பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது.

"எழுந்துடுச்சி இல்ல, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றாள் மனைவி.

என்னால் உட்கார முடியவில்லை. முந்தின நாள் மாலை கட்டு வந்து இறங்கியதும், தின்கிறதா பார்க்கலாம் என்று இதே மாட்டுக்கு ஒரு கைப்பிடி போட்டிருந்தேன். கோவாவுக்குப் போன இரவுப் பாலும் காலைப் பாலும் அதற்குப் பிறகு கறந்தவை. சொன்னேன்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே, "ஒரு கைப்பிடில மாட்டுக்கே ஒண்ணும் ஆவல. பாலுல இன்னா வந்துடும்? வந்தாலும் அவ்ளோ நேரம் கிண்டுனா நிக்காது" என்றார்.

அவர் படித்தவர், சொன்னதில் தப்பு இருக்காது. ஆனாலும் ஜீப்பில் போன டப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அதிகாரி வீட்டுக்குப் போன் போடுங்க" என்றாள் மனைவி.

"சைனைடுன்னு சொன்னா மானியம் போச்சு."

"போனா போவட்டும். அந்தப் புள்ளைங்க இன்னா பண்ணுச்சுங்க?"

எஸ்.டி.டி. பூத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்த எண்ணைச் சுழற்றுவதற்குள் விரல் இரண்டு முறை வழுக்கியது. அதிகாரியின் மனைவிதான் எடுத்தார், கன்னடத்தில். கணவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி வெளியே போய்விட்டாராம். நானும் கன்னடத்திலேயே கேட்டேன், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று.

"கோவா சாப்பிட்டாங்க. தூங்கறாங்க."

"இந்த நேரத்திலா?"

"ஏன், நீங்க யாரு?"

"அம்மா, எழுப்புங்க. தயவுசெய்து எழுப்புங்க." பிறகு சொன்னேன். மாடு, சோளம், ஒரு கைப்பிடி, கடைசியில் அந்த வார்த்தை. அந்தப் பக்கம் ரிசீவர் மேஜையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பூத் மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே காத்திருந்தவர்களை எண்ணினேன். ஐந்து பேர். மறுபடி எண்ணினேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

தூக்கம் கலைந்த கோபத்தில் ஒரு பையன் வீறிட்டு அழுவது கேட்டது.

"இன்னொண்ணு?" என்று போனுக்குள் கத்தினேன். "இன்னொரு குழந்தை?"

சற்றுப் பொறுத்து ஒரு பெண் குழந்தையின் குரல், மிக அருகில், "நீங்க யாரு தாத்தா?" என்றது. போனை வைத்துவிட்டேன்.

அந்த மானியம் உடனே வரவில்லை. ஐந்து மாட்டின் பாலையும் தனித்தனியாகப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். எங்கள் காகிதங்கள் ஒரு மேஜையில் நெடுநாள் கிடந்தன. சுரங்கம் மூடி மகன் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வாணலியும் மிஷினும் வந்து இறங்கின. அன்று ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, "இப்ப மாட்டுக்கு என்ன போடறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது போன் செய்த மறுநாள் காலை. ஜீப் டிரைவர் வந்து வாசலில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். திறந்து எண்ணினேன். ஏழு துண்டு மிச்சம்.

மனைவி என் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். ஒரு துண்டை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னொன்றை எடுத்தாள்.

"இன்னும் சாவல" என்று டப்பாவை என் பக்கம் நீட்டினாள். "நீங்க ஒண்ணு எடுங்க."

எடுத்தேன். விழுங்க வெகு நேரம் ஆயிற்று.