வோன்மொபிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டோ

2022 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு லாங்கன்தாலில் இருந்து புறப்பட்டோம். போக வேண்டிய இடம் ஷாஃப்ஹவுசனுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமம். தூரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். வாகனம் எங்கள் வோன்மொபில். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. அதன் பின்னால் வெறும் ட்ரெயிலர் ஒன்று கடகடத்துக்கொண்டு வந்தது. திரும்பி வரும்போது அது வெறுமையாக வரக்கூடாது என்பதுதான் என் வைராக்கியம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லத்தில் பல வருடங்கள் ஆட்களைத் தூக்கி இருத்தி, தூக்கிக் கிடத்தி, என் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. முந்திய கோடையில் வாலிஸ் மலைப்பக்கம் போனோம். வோன்மொபில் பெரிது, மேலே உள்ள கிராமத்து ஒழுங்கைகளுக்குள் நுழையாது. பஸ் நிறுத்தத்துக்கு இறங்கி ஏறக்கூட எனக்கு ஏலவில்லை. கணவர் சிவபாலனும் மகள் நிலாவும் பனிப்பாறை பார்க்கப் போய்விட்டார்கள். நான் மூன்று நாளும் வோன்மொபில்கள் நிறுத்தும் கம்பிங் மைதானத்தில் இருந்து மற்றவர்களின் துணி காய்வதைப் பார்த்தேன். அவர்கள் காட்டிய படங்கள் அழகாகத்தான் இருந்தன. எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், பின்னால் கட்டி இழுக்க எனக்கு ஒரு சின்ன வாகனம் வேண்டும், இல்லாவிட்டால் இனி வரமாட்டேன் என்று. சிவபாலன் சின்னக் கார் பார்த்தார். ஆகச் சின்னக் காரே எண்ணூறு கிலோவுக்கு மேல். எங்கள் இருவரிடமும் இருக்கும் சாதாரண கார் லைசென்சுக்கு, ட்ரெயிலரையும் அதில் ஏற்றும் சாமானையும் சேர்த்து 750 கிலோவைத் தாண்டாவிட்டால் பிரச்சினையில்லை. தாண்டினால் இன்னொரு சோதனை எழுதி ஓடிக்காட்ட வேண்டும். அறுபது வயதில் இவர் மறுபடி சோதனைக்குப் போவாரா? ஸ்கூட்டர் வாங்கலாம் என்றார். நிற்கும்போது காலை ஊன்ற வேண்டிய வாகனத்தை எனக்குச் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ!

அப்போதுதான் ஷாஃப்ஹவுசனில் இருக்கும் குணம் அண்ணை ஒரு படம் அனுப்பினார். இத்தாலியில் செய்த மூன்று சில்லு வண்டி, அவருக்குப் பக்கத்துக் கிராமத்தில் விற்பனைக்கு நின்றது. முன்னால் சாரதி, பின்னால் இரண்டு பேர், மேலே துணிக்கூரை. நிறை 380 கிலோ. விலை 5,200 பிராங். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. நிலா சூரிச்சில் இருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, சுவிசிலை ஓட்டோவோ? ஆக்கள் பார்த்துச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டுமே. நான் போற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் காணும்."

எட்டரைக்கு ஆராவ். இங்கே ஒரு தமிழ்க் கடையில் நிறுத்தினோம். எங்கள் ஆட்கள் செய்யும் வேலையை இங்கே நாங்களும் செய்தோம். பெரிய வாகனம் ஒன்று எங்கேயாவது போகிறதென்று தெரிந்தால் போதும், "சும்மாதானே போகுது" என்று ஊரெல்லாம் சாமான் சொல்லிவிடும். அரிசி மலிவு விலையில் போட்டிருந்தார்கள். எங்களுக்கு இரண்டு மூட்டை, மச்சாளுக்கு ஒன்று, கோயில் அன்னதானத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இருபது கிலோ. கூடவே குணம் அண்ணை வீட்டுக்காரி சொல்லிவிட்ட மாவரைக்கும் கிரைண்டர். சிவபாலன் எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே அடுக்கினார். நானும் கை கொடுத்தேன். நிறை என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை.

நெடுஞ்சாலையில் ட்ரெயிலரோடு எண்பதுக்கு மேல் ஓட முடியாது. லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சூரிச்சின் நெரிசலில் அரைமணி நேரம் நின்று, வின்டர்தூர் கடந்து, பதினொன்றரை மணிக்கு ஷாஃப்ஹவுசன் வந்தோம். குணம் அண்ணை வீதியோரத்தில் காத்து நின்று ஏறிக்கொண்டார். அவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அன்று லீவு போட்டிருந்தார். அங்கிருந்து மேற்கே போகும் பாதையில் இருபுறமும் மஞ்சள் பூத்த கடுகு வயல், அப்பால் திராட்சைத் தோட்டங்கள். ஆல்ப்ஸ் மாதிரி மிரட்டாத, தாழ்வான பச்சை மலைத்தொடர் ஒன்று வலப்பக்கம் கூடவே வந்தது. அதுதான் ராண்டன்.

வண்டியின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு சுவிஸ் விவசாயி. கொட்டிலைத் திறந்தார். நீல நிறம், துடைத்து மினுக்கி வைத்திருந்தார். நான் ஏறி இருந்தேன். முழங்கால் மடியவேண்டிய அளவுதான் மடிந்தது. இறங்க மனமில்லை.

ஆனால் மனிதர் உடனே விற்கத் தயாரில்லை. தன் கொட்டிலில் இருந்து சட்டத்துக்கு மாறாக ஒரு வாகனமும் வீதிக்குப் போகாது, முதலில் நிறுத்துப் பார்ப்போம் என்றார். கிராமத்துக் கூட்டுறவுக் களஞ்சியத்தில் லொறி நிறுக்கும் தராசு இருந்தது. ஓட்டோவை ட்ரெயிலரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போனோம். ட்ரெயிலர் 610 கிலோ. நான் கையைத் தட்டினேன். அடுத்து வோன்மொபிலை ஏற்றினோம். அதற்கு 3,500 கிலோதான் அனுமதி. தராசு 3,590 காட்டியது.

சிவபாலன் முகம் கறுத்துவிட்டது. "பிடிபட்டால் தண்டம். உந்த வண்டியை விட்டிட்டுப் போவம், ரஞ்சி. எங்களுக்கு உது சரிவராது."

"எதை விடுறது? அரிசியையோ ஓட்டோவையோ?"

"அரிசி கோயிலுக்கெண்டு வாங்கினது."

"அப்ப ஓட்டோவை விடச் சொல்லுறியள். நல்லது. வாலிசுக்கும் நீங்களே போங்கோ. நான் துணி பார்த்துக்கொண்டு இருக்கிறன்."

குணம் அண்ணை வானத்தைப் பார்த்தார். இப்படியான இடங்களில் அவர் நல்ல விவரமான மனிதர்.

நான் மனக்கணக்குப் போட்டேன். கூடிப்போனது வோன்மொபிலில்தான். ட்ரெயிலரில் இன்னும் 140 கிலோவுக்கு இடமிருக்கிறது. நாலு மூட்டையும் கிரைண்டரும் சேர்ந்தால் நூறு வரும். "மூட்டைகளை ஓட்டோவுக்குள்ளை ஏத்துங்கோ" என்றேன். ஆண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஏற்றினார்கள். பின்சீட்டில் இரண்டு, கால் வைக்கும் இடத்தில் இரண்டு, முன்னால் கிரைண்டர். எல்லாவற்றையும் பட்டியால் இறுக்கினோம். தண்ணீர்த் தொட்டியில் பாதியைத் திறந்துவிட்டோம். மறுபடி நிறுத்தோம். வோன்மொபில் 3,440. ட்ரெயிலர் 710. விவசாயி எண்களை இரண்டு தரம் பார்த்து, என் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டார். கணவரிடம் கைகுலுக்குகிற ஆட்கள் நடுவே என்னிடம் தொப்பியைத் தொட்ட முதல் வியாபாரி அவர்தான்.

சிவபாலன் இன்னும் விடவில்லை. "இழுக்கிறது சரி. மலை ஏறுமோ? இரண்டு பேரோடை ஏறாட்டில் வாங்கி என்ன செய்யிறது?"

கேள்வி நியாயமானதுதான். மலைக்கென்று வாங்கும் வண்டி சமதரையில் ஓடி என்ன பயன்? விவசாயி சிரித்தார். தன் இலக்கத் தகடும் காப்புறுதியும் இன்னும் வண்டியில் இருக்கிறது, பக்கத்துச் சிப்லிங்கனுக்கு மேலே ராண்டன் உச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது, ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்றார். ஓட்டோவையும் அதிலிருந்த சாமான்களையும் அவர் கொட்டிலில் இறக்கினோம். குணம் அண்ணை அங்கேயே காவல் இருக்கிறேன் என்றார். சிவபாலன் பழக்கதோஷத்தில் முன்பக்கம் போனார். நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன்.

"நீர் ஓடுவீரோ?"

"பின்னாலை ஏறுங்கோ."

பிற்பகல் இரண்டேகால். சிப்லிங்கன் வீடுகளைத் தாண்டியதும் பாதை காட்டுக்குள் வளைந்து ஏறத் தொடங்கியது. இரண்டாம் கியர், பிறகு முதலாம் கியர். இயந்திரம் கத்திய கத்தலில் பின்னால் இருந்து வந்த அறிவுரை ஒன்றும் என் காதில் விழவில்லை. அது இந்த வண்டியின் பெரிய நன்மை. சைக்கிளில் ஏறிய ஒரு பெடியன் எங்களை முந்திக்கொண்டு போனான். போகட்டும், அவனுக்கு நல்ல முழங்கால். கடைசி வளைவில் வண்டி திணறியது. என் நெஞ்சும் திணறியது. நின்றால் எல்லாம் முடிந்தது. நிற்கவில்லை. மரங்கள் விலகின, புல்வெளி வந்தது, கடையின் வாசலும் வந்தது. கீழே கிராமங்கள், வயல்கள், தூரத்தில் புகைமூட்டமாக ஜெர்மனி. மூன்று நாள் கம்பிங்கில் இருந்தவள் அன்று அவ்வளவையும் என் கண்ணாலேயே பார்த்தேன். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கோப்பி குடிக்கும்போது பக்கத்து மேசையில் வயதான ஒரு சுவிஸ் தம்பதி. கைத்தடி, முதுகுப்பை, நடைச் சப்பாத்து, எல்லாம் பெரிய எடுப்பு. ஆனால் கிழவருக்குக் கணுக்கால் பிரண்டு வீங்கிப்போய் இருந்தது. வெளியே நிற்கும் நீல வண்டி உங்களுடையதா, சிப்லிங்கன் பஸ் நிறுத்தம் வரை எங்களைக் கூட்டிப்போக முடியுமா என்று அந்த அம்மா கூச்சத்தோடு கேட்டார்.

சிவபாலன் என் காதுக்குள் சொன்னார்: "இன்னும் காசே குடுக்கேல்லை, அதுக்குள்ளை ஆக்களை ஏத்துறீரோ?"

"பின்னாலை இரண்டு பேருக்குத்தான் இடம். நீங்கள் இஞ்சை இருங்கோ, நான் போட்டு வாறன்."

இறக்கத்தில் மெதுவாகத்தான் ஓடினேன். கிழவர் ஒவ்வொரு வளைவிலும் குழந்தை மாதிரிச் சிரித்தார். மலை நடையில் தேர்ந்த அந்த மனிதரை நிறுத்தத்தில் இறக்கி, கையைப் பிடித்து அங்கிருந்த மர வாங்கில் இருத்தினேன். இருத்துவது என் தொழில், அதில் பிழை வராது. திரும்பத் தனியாக ஏறினேன். ஆளில்லாத வண்டி இலேசாகப் பாய்ந்தது. காட்டுக்குள் நான் மட்டும், வண்டியின் சத்தம் மட்டும். வாய்விட்டுப் பாடினேன் என்றால் நம்புங்கள்.

மேலே சிவபாலன் வாசலில் நின்றார். நான் நிறுத்தியதும், முன்பக்கம் பார்க்காமல், சொல்லாமலே பின்சீட்டில் ஏறி இருந்தார்.

"எங்கை போறம்?"

"காசு குடுக்க."

யாழ்ப்பாணத்தில் ஓட்டோவில் போனால் நாங்கள் பின்னால் இருந்து வழி சொல்லுவோம், ஓடுகிறவர் கேட்பார். இந்த நாட்டுக்கு வந்தும் முப்பது வருடமாக ரயிலும் பஸ்ஸும் கணவரின் காரும் என்னை ஏற்றிக்கொண்டு போயின. எல்லாவற்றுக்கும் நன்றிதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டும் ஒரு மலையில் மூன்று பேரை நான் ஏற்றி இறக்கினேன்.