ஆடி மாசத்து டயர்

டயர் வாங்க ஆசை ஆசையாகக் கடைக்கு வந்த ஒரு மனிதரைக்கூட நான் இந்தப் பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை. நகைக்கடைக்குச் சிரித்துக்கொண்டு போகிறார்கள், ஜவுளிக்கடைக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். எங்கள் கடைக்கு மட்டும் பல் பிடுங்க வந்த முகத்தோடு வருகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் என் இனத்தாரே, நீங்கள் எந்தச் சாமான் விற்பவராக இருந்தாலும் சரி, இதைப் படித்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

ஓனர் எங்கே?

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் எங்கள் கடை. ஆரம்பித்தது என் வீட்டுக்காரர். அவர் குவைத்துக்குப் போன பிறகு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உள்ளே வருகிறவர் முதலில் என்னைப் பார்ப்பார், பிறகு எனக்குப் பின்னால் பார்ப்பார், பிறகு "ஓனர் இல்லையா?" என்பார். நான்தான் என்றால், "இல்லம்மா, டயர் விஷயம் தெரிஞ்சவங்க" என்பார்.

ராயகிரியிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். அவருடைய காருக்கு எந்த டயர் சரிப்படும், ஏன் சரிப்படும் என்று பத்து நிமிஷம் தொண்டை வறளச் சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டவர், எங்கள் ஃபிட்டர் மாடசாமி அண்ணாச்சி பக்கம் திரும்பி, "இவங்க சொல்லுதது சரிதானா?" என்று கேட்டார். அண்ணாச்சிக்கு ஐம்பது வயது, பாதி நேரம் காருக்கு அடியில்தான் இருப்பார். அடியிலிருந்தே பதில் வந்தது: "எனக்கு மாட்டத்தான் தெரியும் வே. எத மாட்டணும்னு அவுகளுக்குத்தான் தெரியும்."

ஆடுமா, பாடுமா?

போன புரட்டாசியில் ஒரு மத்தியானம் சங்கரன் சார் வந்தார். எங்கள் ஊர்த் தேரடியில் நின்று "சங்கரா" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அந்தப் பத்தில் இவர் ஒருவர், அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரர் ரேஸ் மைதானத்தில் புகை கிளப்பிக்கொண்டு வளைந்து வளைந்து போனார். "இந்த மாதிரி பெர்பார்மன்ஸ் டயர், நாலு. பதினாறாயிரத்துக்கு மேல ஒத்த ரூபா கிடையாது" என்றார் சார்.

வாசலில் நின்ற அவருடைய சின்னக் காரைப் போய்ப் பார்த்தோம். டயர்கள் நாலும் உரித்த முட்டை மாதிரி மொழுமொழுவென்று இருந்தன. அதன்மேல் காய்ந்துபோன மண் பூச்சு வேறு. கோவில் புற்றுமண்ணாம். தேமலுக்கும் சிரங்குக்கும் பூசினால் குணமாகிறதே, டயருக்குப் பூசினால் சறுக்காமல் இருக்காதா என்று பூசிப் பார்த்திருக்கிறார். மாடசாமி அண்ணாச்சி மட்டும் செல்போன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெர்பார்மன்ஸ்னா என்ன சார்? ரோட்டுல ஆடுமா, பாடுமா?" என்றார். சார் பெருமூச்சு விட்டார்: "அதெல்லாம் போன வாரமே ஆடிட்டு அண்ணாச்சி. இப்ப ஆடாத டயர்தான் வேணும்."

கரிசலில் அரை வட்டம்

நடந்தது இதுதான். அவருடைய மனைவி கோமதி, பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் சார்தான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து ஆபீஸ் போவார். போன வாரம் தூறலில், ஒரு ஆட்டுக்காக பிரேக் போட்டிருக்கிறார். ஆடு அசையாமல் நின்றது. கார் மட்டும் அரை வட்டம் அடித்து, ரோட்டை விட்டு இறங்கி, ஈரக் கரிசலில் சங்கரன்கோவிலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை எடுத்து, சேற்றில் நடந்து ரோட்டுக்கு ஏறி, பின்னால் வந்த மினி பஸ்ஸில் போய்விட்டார். அன்றிலிருந்து காரில் உட்காரவில்லை. டயர் மாற்றினால் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

பஸ்ஸில் போனால் போகட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற இருபத்தைந்து நிமிஷமும் அவர்கள் என்னென்ன பேசுவார்கள் என்று சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை. பையனுக்குப் பெண் பார்ப்பது, ஹெட்மாஸ்டர் போட்ட சத்தம், முருங்கைக்காய் விலை, அவ்வளவுதான். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. குவைத்துக்கும் எனக்கும் ஒரு நாளைக்கு அதே இருபத்தைந்து நிமிஷம்தான், அதிலும் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். சார் கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்: "வீட்டுல ரெண்டு டிவி, மூணு போனு இருக்கு மேடம். பேசுததுக்கு அந்தக் காரு ஒண்ணுதான் இருந்துது."

பஸ்ஸுக்குப் பின்னால்

நாலு நாள் கழித்து அந்த மினி பஸ் கண்டக்டர், தன் பைக்குக்குக் காற்றுப் பிடிக்க வந்தார். முகத்தில் தூக்கமே இல்லை. என்ன என்று விசாரித்தால், தினமும் ஒரு சின்னக் கார் அவர்கள் பஸ்ஸை விடாமல் தொடர்ந்து வருகிறதாம். பஸ் நின்றால் அதுவும் நிற்கிறது, பஸ் கிளம்பினால் அதுவும் கிளம்புகிறது. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர், பஸ்ஸின் ஜன்னலையே உற்றுப் பார்த்துக்கொண்டு வருகிறாராம்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெண்டாட்டி பஸ்ஸில் போகிறாள் என்று சார் காலிக் காரை எடுத்துக்கொண்டு துணைக்குப் போகிறார். அவர் சாதாரண புருஷன்தான் என்று விளக்கிச் சொன்னேன். கண்டக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்: "செக்கிங்குன்னு நெனச்சு ஒரு வாரமா எல்லா ஸ்டாப்புலயும் நிப்பாட்டி, எல்லாருக்கும் டிக்கெட் குடுத்து, சில்லறையும் குடுத்துட்டோம் மேடம். சனங்கள்லாம் பயந்துபோயிட்டு!"

இடது பக்கம்

ஈரத்தில் நல்ல பிடிமானம் உள்ள டயர் எங்களிடம் ஒன்று இருந்தது. சார் கேட்ட பெர்பார்மன்ஸ் ஜாதிதான், மணிக்கு நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வரை தாங்கும். விலை ஒன்று ஐயாயிரம். சாதா டயர் மூவாயிரம். விரலை மடக்கி மடக்கி யோசித்த சாரின் முகம் திடீரென்று மலர்ந்தது. நல்லது இரண்டு, சாதா இரண்டு, பட்ஜெட் சரியாக நிற்கிறது.

பட்ஜெட் இல்லாதவர்கள் இரண்டு இரண்டாக மாற்றுவது உண்டு, முன்னால் இரண்டு அல்லது பின்னால் இரண்டு. சார் சொன்னது அது இல்லை. நல்ல டயர் இரண்டையும் கோமதி டீச்சர் உட்காரும் இடது பக்கம் போட வேண்டும், தன் பக்கத்துக்குச் சாதாவே போதும் என்றார். அப்படிப் போட்டால் கார் இன்னும் மோசமாக இழுக்கும் என்று படம் வரைந்து காட்டினேன். "என் பக்கம் என்ன ஆனாலும் பரவால்ல மேடம்" என்றார். எரிச்சலில் பேனாவை மூடி வைத்தேன். மாடசாமி அண்ணாச்சிதான் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்: "வயலுக்குள்ள போனா காரு முழுசாத்தான் போவும் சார். உங்க பக்கம் மட்டும் தனியா போவாது."

கிழமை போடவில்லை

இந்த இடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். முதல் இரண்டு, அந்த டயர் வருஷத்தின் எத்தனையாவது வாரத்தில் செய்தது என்று சொல்லும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தைச் சொல்லும். பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, வருகிறவர்களுக்கெல்லாம் இதைப் படிக்கக் கற்றுக் கொடுத்தேன். நாணயமான காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஒரே மாதத்தில் ஊர் அந்த எண்ணைத் தமிழ் மாதத்துக்கு மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டது. மார்கழி டயர் வேண்டாம் என்றார்கள். கத்திரி வெயிலில் செய்தது சீக்கிரம் சூடாகும் என்றார்கள். தை மாசத்து டயருக்கு முன்பதிவு செய்தார்கள். ஆடி மாசத்து டயரைத் தொடக்கூட ஆள் இல்லை. ஆவணியில் செய்த டயரைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்த திருவேங்கடத்துக்காரர் ஒருவர் கடைசியில் கீழே வைத்துவிட்டார்: "வாரத்தப் போட்டவன் கிழமையப் போடலியே. செவ்வாக்கிழமை செஞ்சதா இருந்துட்டா?"

முப்பத்திரண்டு

அப்படி ஒதுக்கப்பட்டு மேல் ராக்கில் நாலு டயர் கிடந்தன. சங்கரன் சாரின் காருக்குப் பொருந்தும் அளவு, அதே ஐயாயிரம் ரூபாய் டயர்தான். எண் முப்பத்திரண்டு என்று ஆரம்பிக்கும். போன வருஷம் ஆடிக் கடைசி. யாரும் தொடாததால் விலையை நாலாயிரத்துக்கு இறக்கியிருந்தேன். நாலும் சேர்த்துப் பதினாறாயிரம்! இது முன்னமே என் மூளைக்கு எட்டவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு, அன்று ஒன்றும் வாங்காமலே போயிருந்த சாருக்குப் போன் செய்தேன். ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

டயரைத் தடவினார், மோந்து பார்த்தார், நகத்தால் அழுத்தினார். சந்தோஷத்தில் என்னைக் கும்பிடக்கூடப் போனார். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன எண் கண்ணில் பட்டது. சுவர்க் காலண்டரிடம் போய் நின்று வாரங்களை எண்ணினார். வெளியே ஐப்பசி மேகம் கறுத்துக்கொண்டிருந்தது, மழை இறங்கிவிட்டால் இந்தக் கார் எடுக்கவே லாயக்கில்லை. திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை: "ஆடியில நாங்க செருப்புகூட எடுக்க மாட்டோம் மேடம். கோமதி ஏற்கெனவே பயந்துபோயிருக்கா. இந்த டயர்னு தெரிஞ்சா இந்த ஜென்மத்துல உக்கார மாட்டா."

டீச்சர் வந்தார்

அந்தச் சனிக்கிழமை கோமதி டீச்சர் குடையோடு தானே நடந்து கடைக்கு வந்தார். நடக்கிற அவருக்குப் பின்னால் ஓரமாக, முதல் கியரில், சாரின் கார் ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் எட்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன.

டீச்சர் என்னிடம்தான் பேசினார், ஓனர் எங்கே என்று கேட்கவில்லை. தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டுப் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு வருஷம் ராக்கில் கிடந்ததால் கெட்டிருக்காதா என்று கேட்டார். நிழலில்தான் இருந்தது, ஒன்றும் ஆகாது என்றேன். பிறகு, நல்ல டயர் என்றால் விலையை ஏன் குறைத்தீர்கள் என்றார். கணக்கு டீச்சரிடம் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆடியில் செய்தது என்றேன். சார் மின்விசிறியைப் பார்த்தார். டீச்சர் குனிந்து எண்ணைப் படித்து, போன வருஷத்துக் காலண்டரைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். புரட்டிய விரல் ஆடித்தபசு அன்று வந்து நின்றது. அதே வாரம். ஊரே திரண்டு, அம்மன் தபசுக் காட்சி பார்த்த வாரம். டீச்சர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்: "ஏங்க, இந்த ஊர்ல ஆடியில அம்மனே வெளிய வந்து தபசு நிக்கா. டயர் வந்தா என்ன?"

நாலு எலுமிச்சம்பழம்

மாடசாமி அண்ணாச்சி டயர்களை மாட்டி, காற்றுப் பிடித்து, அலைன்மெண்ட் பார்த்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். சார் நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டீச்சர் ஏறுவார் என்று காத்திருந்தார். நானும் அண்ணாச்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

டீச்சர் குடையை விரித்தார். விடைத்தாள் திருத்தாமல் மார்க் போடும் ஜாதி இல்லை அவர். "திங்கக்கிழமை வழக்கம்போல பஸ்ஸுக்குப் பின்னால வாங்க. மழை நல்லாப் பெய்யட்டும். நான் கடைசி சீட்டுல இருந்து பாக்கேன்."

மறுபடியும் கண்டக்டர்

பத்து நாள் கழித்து கண்டக்டர் மறுபடி வந்தார். காற்று நிறையவே இருந்தது, ஆனாலும் வந்தார். திங்கட்கிழமை கொட்டிய மழையில் டீச்சர் கடைசி சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பின்னால் வந்த காரை முழு வழியும் பார்த்துக்கொண்டே போனாராம். அதே இடத்தில் அதே ஆடு குறுக்கே வந்ததாம். சார் பிரேக் போட, கார் போட்ட இடத்தில் நின்றதாம். செவ்வாய்க்கிழமையிலிருந்து டீச்சர் காரில். எனக்கு இருந்த சந்தோஷத்தில் கண்டக்டருக்கு டீ சொன்னேன்.

டீ குடித்தும் அவர் முகம் தெளியவில்லை. இப்போது கார் பஸ்ஸுக்கு முன்னால் போகிறதாம். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதே இல்லையாம். ரோடு குறுகல், முந்தவும் முடியவில்லை. உள்ளே இரண்டு பேரும் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போகிறார்களாம். ஹாரன் அடித்தால் டீச்சர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வகுப்பில் பையன்களை அடக்குகிற மாதிரி "உஷ்" காட்டுகிறாராம். கண்டக்டர் காலி டம்ளரை என் கவுண்டரில் நங்கென்று வைத்தார்: "முன்னாடி பின்னாடி வந்தாரு, இப்ப முன்னாடி போறாரு. என்ன டயரத்தான் மேடம் குடுத்தீங்க?"

நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் தாங்கும் டயரை மனிதர்கள் எதற்குத்தான் வாங்குகிறார்கள் என்று இனிமேல் யாராவது கேட்டால், இருபத்தைந்து நிமிஷத்தை நாற்பது நிமிஷம் ஆக்குவதற்கு என்று நான் கூசாமல் சொல்வேன்.