வாய்மொழித் தேர்வுக்கு ஒரு விண்ணப்பம்

விதி ஏழு, உட்பிரிவு மூன்று: மருத்துவக் காரணம் காட்டும் மாணவருக்கு வாய்மொழித் தேர்வை முன்கூட்டியே நடத்தலாம், விண்ணப்பம் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும். தெளிவான விதி. முப்பத்தாறு வருடம் வட்டாட்சியர் அலுவலகங்களில் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் குறை ஒன்றும் இல்லை.

மாணவர் என் மனைவி. பள்ளியில் வரலாறு நடத்தியவள். காவிரி கடலில் கலக்கும் இடத்துக்கு யவனர் கப்பலில் வந்தார்கள் என்று வருடந்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, ஓய்வு பெற்றதும் அந்த யவனர் எழுதியதை அவர்கள் மொழியிலேயே படிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. வீட்டிலிருந்தே படிக்கும் வெளிநாட்டுப் பாடம் ஒன்றில் பழைய கிரேக்கத்துக்குச் சேர்ந்தாள்.

வினைச்சொற்களைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவாள், நாளுக்கு ஒன்று. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு வினையின் நிகழ்கால வடிவங்கள் அத்தனையையும் சொல்லி முடிக்க வேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை.

"கொஞ்சம் சிரிச்ச முகமாக் கேளுங்க. பட்டா மாறுதல் விசாரணை மாதிரி இருக்கு."

இரண்டாம் வருடம் மூல நூலுக்கு வந்தாள். கடல் வணிகன் ஒருவன் துறைமுகங்களைப் பற்றி எழுதி வைத்தது. ஒரு வரிக்கு ஒரு காலைப்பொழுது ஆகும்.

"சரக்கைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதறான். நம்ம ஆளுங்களைப் பத்தி ஒரு வரி. வியாபாரி வியாபாரிதாங்க," என்றாள் ஒருநாள். குரல் கரகரத்தது. மழைக்காலம் என்று நினைத்தோம்.

மழைக்காலம் முடிந்து, வெயில் வந்த பிறகும் கரகரப்பு போகவில்லை. தொண்டையில் கட்டி. மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை, அதன்பின் குரல் இருக்காது என்றார் டாக்டர். வாய்மொழித் தேர்வோ இரண்டு மாதம் தள்ளி இருந்தது. அந்த மொழி தெரிந்த ஒருவர் முன்னால் ஒரு பக்கத்தை ஒரே ஒரு முறை சத்தமாகப் படித்துவிட வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

"ஒரு மெயில் போட்டாப் போதுங்க. இப்பவே அனுப்பிடலாம்."

"மெயிலுக்கு என்ன அத்தாட்சி இருக்கு? நாளைக்கு வரவே இல்லன்னு சொல்லிட்டா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

மருத்துவச் சான்றில் முத்திரை சரியாக விழவில்லை. மறுநாள் போய் மறுபடி வாங்கினேன். நகலில் சான்றொப்பம் இட அரசு அதிகாரி வேண்டும். தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், செல்லாது. பணியில் இருப்பவர் ஒருவரைத் தேடித் திருவாரூர் வரை போனேன். முகப்புக் கடிதம் மூன்று பிரதி. ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபால். ஆறு நாள் ஆயிற்று. பாடம் நடத்துபவர்கள் கேட்டிருந்தது மருத்துவச் சான்று ஒன்றுதான்.

'கிடைத்த' பத்து வேலை நாட்களுக்குள். அந்தச் சொல்லை வைத்து எத்தனை விவசாயிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். கடிதம் கடல் தாண்ட எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அறுவைக்கு அழைத்துப் போகக் காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை எனக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் நின்று, முந்தைய வரிக்குப் போய்த் திரும்பி வந்தாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"சரியா, தப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் பெரிய அதிகாரி மாதிரி தலையாட்டறீங்க," என்று சிரித்தாள்.

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. பதிவு செய்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஒலிப்பதிவு விதிப்படி தேர்வாகாது என்பது மட்டும் தோன்றியது.

பதிவுத் தபாலில் கேட்டவனுக்குப் பதிவுத் தபாலிலேயே பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, அவருக்கு வசதியான எந்த நாளிலும் கணினி வழியே தேர்வு வைத்துக்கொள்ளலாம், மின்னஞ்சலில் கேட்டிருந்தால் அன்றே முடிவு சொல்லியிருப்போம். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி எழுதி என் பக்கம் நகர்த்தினாள்: "வேண்டாம்னு பதில் போடுங்க. மெயில்ல."

கடிதம் வந்து சேர்ந்தது ஆடி பதினெட்டு, அறுவை முடிந்து பத்தொன்பதாம் நாள்.