திண்டிவனத்தில் ஓர் அண்டை நாடு

ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கை அக்கம்பக்கத்து நாடுகளை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் என் ஆய்வு. நான் கையால் எழுதிக் கொடுத்ததை டைப் செய்தவர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிடிபி கடை வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி எந்நேரமும் நெற்றியில்தான் இருக்கும். அடிப்பதை உரக்கப் படித்துக்கொண்டே அடிப்பார். அந்த வல்லரசின் பெயர் வந்தால் மட்டும் குரல் தணிந்துவிடும்.

முதல் அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். ‘மிரட்டியது’ என்று நான் எழுதிய இடமெல்லாம் ‘கேட்டுக்கொண்டது’ என்றிருந்தது. ‘படையெடுத்தது’ என்பது ‘வருகை தந்தது’ ஆகியிருந்தது.

“என்னங்க இது?”

“கோச்சிக்காதீங்க சார். எம் பொண்ணு அந்த நாட்டுல படிக்க விசாவுக்குப் போட்டிருக்குது. இந்த நேரத்துல நம்ம கடையிலருந்து இப்படி ஒண்ணு போவலாமா?”

“லைப்ரரியில தூங்கப்போற புக்குங்க இது. யாரு படிக்கப் போறாங்க?”

“அவங்க எல்லாத்தையும் பாத்துக்கினேதான் சார் இருக்காங்க.”

என் சொற்களை ஒவ்வொன்றாக மீட்டேன். நன்றியுரையில் அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“எம் பேரு மட்டும் எங்கயும் வேணாம் சார்.”

மகளுக்கு இன்னும் விசா வரவில்லையாம். அதனால் இங்கேயும் அவர் பெயரை எழுதவில்லை. இப்போது பார்த்தால், அந்த நாட்டின் பெயரையும் நான் எழுதவில்லை.