காதுகுத்துக்கு என் மடிதான்

என் கை நடுங்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். டீ கிளாஸை வாங்கினால் கொஞ்சம் சிந்தும். சட்டைப் பித்தான் போட நேரமாகும். குடிதான் காரணம் என்று நினைத்து எனக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. குடி இல்லை. லித்தியம் என்று ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் வரும் நடுக்கம். என் நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் இருமுனைக் கோளாறு. எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர். அதை நான் எழுதப் போவதில்லை. தெருவே போதுமான அளவு சொல்லிவிட்டது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் நான் டிசைனர். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கையைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். நடுங்குகிற கையால் எப்படி மவுஸ் பிடிக்கிறாய் என்று கேட்பார்கள். மணிக்கட்டை மேசையில் அழுத்திக்கொண்டால் போதும். முகம் வெட்டி ஒட்டுவதில் இதுவரை யாருடைய காதும் என்னால் போனதில்லை.

நோய் முதன்முதலில் முற்றியபோது, அதுவும் பேனராகத்தான் வெளியே வந்தது. தூக்கம் போய்விட்டது. போனதே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஊரில் ஒருவரையும் விடாமல் வாழ்த்த வேண்டும் என்று தோன்றியது. கடைச் சாவி என்னிடம் இருந்தது. பால்காரருக்கு, தபால்காரருக்கு, எதிர்வீட்டு நாய்க்கு என்று ஆளுக்கொரு பேனர் அடித்து, விடிகிற நேரத்தில் தெரு முழுக்கக் கட்டிவிட்டேன். நாயின் பேனரில் 'மஞ்சக்குப்பத்தின் விடிவெள்ளியே' என்று போட்டிருந்தேன். அதைத்தான் எல்லோரும் நின்று படித்தார்கள், போனில் படம் எடுத்தார்கள், சிரித்தார்கள். அதற்கப்புறம் எல்லாம் சரிந்து, மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அப்போது சிரிக்க யாரும் வரவில்லை. விசாரிக்கவும் யாரும் வரவில்லை.

தாயத்து, எலுமிச்சம்பழம், வேப்பிலை என்று ஒரு சுற்று முடிந்த பிறகுதான் அம்மா என்னைச் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா என்னைப் பற்றி அம்மாவிடம் கேட்கவில்லை. என்னைப் பற்றி என்னிடமே கேட்டார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதிலிருந்து மாதா மாதம் சிதம்பரம். பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது எங்கே என்று கேட்டால், "நடராஜரப் பாக்கப் போறோம்" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியுமா? பிரசாதம் கேட்பார்களே. அதனால் மாத்திரையை வாங்கிக்கொண்டு கோயிலுக்கும் ஓடுவோம். நடை சாத்தியிருந்தால் கீழ வீதிக் கடையில் ஒரு பொட்டலம் குங்குமம் வாங்குவோம். தெருவில் எங்களுக்குப் பெரிய பக்திமான்கள் என்று பேர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா ஒருமுறை தன் மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்ளச் சொன்னாள். ரத்தம் எடுக்கிற வரிசையில் நின்றபடி நான் வேண்டிக்கொண்டேன். கல்யாணமும் நடந்துவிட்டது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்தப் பொய் எனக்குக் கசக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பஸ்ஸிலேயே ஊசி போட்டுக்கொண்டு, தங்கள் சர்க்கரை எவ்வளவு என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் நடராஜர் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

ஆனால் அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. என் அப்பாவுக்கு ஒரு தங்கை. கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில், பின்கட்டு அறையில்தான் அந்த அத்தை வாழ்ந்து முடித்தாள். "அத்தைக்கு ஒடம்பு சரியில்ல, கிட்ட போவாத" என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் அவள் பாடுவது கேட்கும். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும். வீட்டில் விசேஷம் என்றால் அந்தக் கதவுக்கு வெளியே பூட்டு விழும். ஒரு டாக்டரும் அவளைப் பார்த்ததில்லை. அவள் இறந்தபோது வைப்பதற்கு ஒரு போட்டோ தேடினார்கள், கிடைக்கவில்லை. அவளை யாரும் போட்டோ எடுத்ததே இல்லை. பேனர் அடிக்கிறவன் சொல்கிறேன், போட்டோ இல்லாத மனுஷிக்கு என்னால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

இனி காதுகுத்துக்கு வருகிறேன். என் தங்கையைப் பண்ருட்டியில் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் எங்கள் வழக்கம். அந்த மடிக்கு உரியவன் நான். போன வருடம் மொட்டை அடித்தபோது நான் சிதம்பரம் வார்டில் படுத்திருந்தேன், அதனால் என் பெரியப்பா மகன் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்த வருடம் நான் நன்றாக இருந்தேன், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் அம்மா தயங்கித் தயங்கி வந்து சொன்னாள்: "மொட்டைக்கு ஒக்காந்தவனே காதுகுத்துக்கும் ஒக்காரட்டும்ங்கறாங்க. வுட்டுடுடா."

மறுநாள் தங்கையின் வீட்டுக்காரர் கடைக்கு வந்து நின்றார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். மடிக்கு வேறு ஆளைப் பிடித்தவர் பேனருக்கு வேறு கடையைப் பிடித்திருக்கலாம் இல்லையா? அது அவரால் முடியாது. சொந்த மச்சான் பேனர் கடையில் இருக்கும்போது இன்னொரு கடைக்குப் போனால் ஊர் என்ன பேசும்? அதனால் என்னை விலக்கி வைக்கிற பேனரை என்னிடமே அடிக்க வந்துவிட்டார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி.

போனிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினார். மேலே இரண்டு மூலையிலும் இறந்தவர்கள், என் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும். நடுவில் குழந்தை. கீழே 'அத்தை' என்று போட அவருடைய தங்கையின் படம், பள்ளிச் சீருடையில் இரட்டைச் சடையோடு.

"மாப்ள, இது ஸ்கூல் போட்டோவாச்சே. புதுசா ஒண்ணும் இல்லியா?"

"அவ எங்க மச்சான் போட்டோவுக்கு நிக்கறா. கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்கறா, ரூம வுட்டே வர்றதில்ல."

அதையும் வெட்டி ஒட்டினேன். கடைசியாக, 'தாய்மாமன்' என்ற இடத்துக்குப் பெரியப்பா மகன் வந்தான், கூலிங்கிளாஸோடு. நான் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"மாப்ள, எங்கப்பா செத்துட்டாரு, அவருக்கு மேல எடம் இருக்கு. நான் உயிரோட இருக்கேன். எனக்கு எங்க எடம்?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒங்களுக்குத்தான் மச்சான் சங்கடம். ஊசி குத்தறப்ப கை நடுங்குனா... எங்கம்மா ரொம்ப பயப்படறாங்க. நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பாக்கறப்ப, தாய்மாமன் வழில இப்படின்னு யாராச்சும் சொன்னா?"

"வழில இருந்தா இருக்கத்தான் செய்யும். கூலிங்கிளாஸ் போட்டவன ஒக்கார வச்சா ஓடிப் போயிடுமா?"

"மச்சான், மாத்திர போட்டீங்களா?"

அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியாது. மற்றவர்கள் கோபப்பட்டால் காரணம் கேட்பார்கள். நான் கோபப்பட்டால் மாத்திரையைக் கேட்பார்கள். நோயோடு வருகிற கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது வரும்போது முதலில் தூக்கத்தைத் தின்னும். இது அது இல்லை, இது என் சொந்தக் கோபம். "போட்டேன் மாப்ள. அதனாலதான் இவ்ளோ மரியாதையா பேசறேன்" என்றேன்.

வீட்டில் அம்மா வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். "விசேஷம் முடியற வரைக்கும் அந்த மாத்திரைய நிறுத்திப் பாரேன். கை நின்னுட்டா அவுங்களால ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?" எனக்கு ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஆடாத கையோடு, எல்லோரையும் போல, ஒரே ஒரு நாள். அந்த மாதம் சிதம்பரம் போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டேன். "நடுக்கம் ஜாஸ்தியானா சொல்லுங்க, ரத்தம் எடுத்துப் பாப்போம். நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்துனா கை நிக்கலாம், நீங்க நிக்க மாட்டீங்க" என்றார். அன்று அம்மா கோயிலுக்குப் போகலாம் என்றபோது நான் வரவில்லை என்றேன். பஸ்ஸில் ஏறியதும் எங்கள் தெருக்காரர் ஒருவர் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள், "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரோம். மனநலத்துக்கு" என்று நானே சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா கடலூர் வரும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

பேனரை நான் நினைத்தபடிதான் அடித்தேன். தாய்மாமன் இடத்தில் என் படம், கூலிங்கிளாஸ் இல்லாமல். காதுகுத்து திருவதிகைக் கோயிலில், சாப்பாடு பக்கத்து மண்டபத்தில். காலையில் முதல் ஆளாகப் போய் மண்டப வாசலில் நானே கட்டினேன். கயிறு முடிச்சுப் போடக் கொஞ்சம் நேரமானது. மாப்பிள்ளை வந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார்.

கோயிலில் காது குத்துகிற பத்தர் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் வாங்க" என்றார். பெரியப்பா மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான். நான் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். குழந்தையை வைத்திருந்த தங்கையின் மாமியார், அவரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அசையவில்லை.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கை நடுங்குதே."

"நடுங்குது அத்த. மாத்திரையால நடுங்குது. அந்த மாத்திரையாலதான் நான் இங்க ஒக்காந்திருக்கேன். நாளைக்கு இந்தக் கொழந்தைக்கே எனக்கு வந்த மாதிரி வந்தா, அது யார்கிட்ட போய்ச் சொல்லும்? வீட்ல ஒருத்தன் இருக்கான், மாத்திர போட்டுக்கிட்டு வேலைக்குப் போறான், எல்லார் முன்னாடியும் ஒக்காந்தான்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

சத்தமாகத்தான் சொன்னேன். அப்போது என் தங்கை, கல்யாணமான நாளிலிருந்து மாமியார் முன்னால் குரல் உயர்த்தாதவள், குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"மடியில ஒக்கார வைக்கறதுக்குக் கை எதுக்கு? தலைய நான் புடிச்சுக்கறேன். நீ இடுப்பப் புடிச்சுக்கண்ணா."

அவ்வளவுதான். குழந்தை வீறிட்டது. யார் மடியாக இருந்தாலும் வீறிட்டிருக்கும். கம்பி போக வேண்டிய இடத்தில் போனது, இரண்டு காதிலும். என் வேட்டியை நனைத்துவிட்டு அது இறங்கியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

மண்டபத்தில் பந்தி. பாதி சாப்பாட்டில் மாமியார் என் இலைக்கு எதிரே வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் குனிந்து, பக்கத்து இலைக்குக்கூடக் கேட்காத குரலில், "அந்தச் சிதம்பரத்து ஆஸ்பத்திரில எந்தக் கெழம பாப்பாங்க தம்பி?" என்றார்.

"யாருக்கு அத்த?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பேனரின் பின்பக்கம் தெரிந்தது. "எம் பொண்ணுக்கு, சின்னவளுக்கு. படிக்கறான்னு ஊருக்குச் சொல்றோம். படிக்கல தம்பி. புஸ்தகத்தத் தொட்டு எத்தினியோ மாசமாவுது. செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கறா. வந்தவங்க முன்னாடி எதாச்சும் ஆயிடப் போவுதுன்னு, இன்னிக்கு வெளிய பூட்டிட்டு வந்திருக்கேன்."

பின்கட்டு அறையும் அந்தக் கதவும் பாட்டும் அப்படியே வந்து நின்றன. இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"கெழம அப்பறம் அத்த. செவ்வாக்கெழம நானே கூட வரேன். இப்ப சாவியக் குடுங்க."

"மெதுவா பேசுங்க தம்பி. யாராச்சும் கேட்டா நடராஜரப் பாக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்."

"சொல்லாதீங்க. எங்கம்மா சொல்லிப் பாத்துட்டாங்க. சாவியக் குடுங்க அத்த."

இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து என் கையில் வைத்தார். தங்கையைக் கூப்பிட்டேன். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் வந்தாள். சாவிக்கொத்து என் உள்ளங்கையில் சலசலவென்று ஆடியது. பந்தியில் தலைகள் திரும்பின. நான் அதை மூடிப் பிடிக்கவில்லை, எல்லோரும் கேட்கட்டும் என்று இலைகளுக்கு நடுவே நடந்து வெளியே வந்தேன்.